இருபத்தெட்டரை ஆம்பியர்

மேலப்பாளையம்
6 செப்டம்பர் 2024, வெள்ளி

அனஸ் காக்காவுக்கு,

சலாம். எவ்வளவு கோபமாக இருந்தாலும் சலாம் இல்லாமல் தொடங்கினால் உம்மா இந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவாள். அதனால் சொல்கிறேன்.

நீ புது வீட்டில் குடிபுகுந்த அன்று இருநூறு பேர் முன்னால் அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டு, "இனி இவகூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றாய். பேச மாட்டேன் என்றுதான் சொன்னாய். வாசிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. என் நம்பரையும் போனில் தடுத்து வைத்துவிட்டாய். நம் ஊரில் வாரத்துக்கு ஒருவராவது சவூதிக்கு, தம்மாமுக்கு விமானம் ஏறாமல் இருப்பதில்லை. இதைக் கொண்டுவருகிறவரிடமே பதிலையும் கொடுத்துவிட ஏற்பாடு செய்திருக்கிறேன். உன் சத்தியத்துக்கு ஒரு கீறல்கூட விழாது.

உன் தங்கை பேட்டையில் இரண்டு வருஷம் ஐ.டி.ஐ. படித்தவள். பதினோரு வீட்டுக்கு வயரிங் செய்தவள். பன்னிரண்டாவதுதான் உன் வீடு. நாலு மாதம் ஏணியில் நின்று செய்தேன். அன்று மாலை நாலு மணிக்கு நீ தம்மாமிலிருந்து கொண்டுவந்த டீ பாய்லரைச் செருகினார்கள். முக்கால் மணி நேரத்தில் பிளக் பாயிண்ட் உருகி, சுவரெல்லாம் கரியாகி, வெளியே மீட்டர் பக்கத்து ஃபியூஸும் போய், இருநூறு பேரும் வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள். நான் பெண்கள் பக்கத்திலிருந்து டார்ச்சோடு ஓடி வந்து நின்றதுமே நீ தீர்ப்பு எழுதிவிட்டாய். "பொம்பள செஞ்ச வயரிங் வேற எப்படி இருக்கும்?" என்று கேட்டாயே காக்கா, அது கேள்வியா? எல்லாரும் சிரித்தார்கள். என் காதில் இன்னும் அந்தச் சிரிப்புதான்.

அதற்குப் பிறகு என் கடைக்கு ஒரு இஸ்திரிப் பெட்டிகூட வரவில்லை. பெண்கள் மதரஸாவுக்குப் புதுக் கட்டடம் கட்டுகிறார்களே, அந்த வயரிங்கை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது செயலாளர் என்னைப் பார்த்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார். நீயோ பாளையங்கோட்டை வேதநாயகம் அண்ணாச்சியை ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாய். அக்டோபர் 20 ஞாயிறு அன்று சுவரை உடைத்து, நான் இழுத்த வயரையெல்லாம் உருவிவிட்டு, அவர் புதிதாகச் செய்யப் போகிறாராம். அந்தச் சுவர் உடைந்தால் மேலப்பாளையத்தில் என் கை உடைந்த மாதிரி. அப்புறம் ஒரு பல்பு மாட்டக்கூட யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

என் வேலையில் தப்பு இருந்தால் நானே சுத்தியலை எடுத்து உடைக்கிறேன். ஆனால் அளந்து பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு விஷயம் எழுது. பாய்லர் எங்கே வாங்கியது? அன்று எவ்வளவு நேரம் ஓடியது? பழைய இரும்புக்காரனுக்குப் போட வைத்திருந்த பாய்லரை உன் வீட்டுக்காரி ஷஃபீகா மைனியிடம் கேட்டு வாங்கி என் கடையில் வைத்திருக்கிறேன்.

ஷம்ஸியா

*

தம்மாம்
15 செப்டம்பர் 2024

ஷம்ஸியாவுக்கு,

சலாம். வாசித்தேன். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உம்மா அழுகிறாள் என்று ஷஃபீகா சொன்னாள், அதனால் எழுதுகிறேன். உனக்காக இல்லை.

பதினாறு வருஷம் இங்கே சூப்பர் மார்க்கெட் கிடங்கில் நின்று கட்டிய வீடு. ஒரு தடவைதான் குடிபுக முடியும். அந்த ஒரு நாள் எனக்குப் புகையாகப் போனது. ஊருக்குப் போய்வருகிற ஒவ்வொருத்தனும் என்னிடம், "என்ன அனஸ், டீ கொதிச்சிட்டா?" என்று கேட்கிறான். நீ சிரிப்பைப் பற்றி எழுதுகிறாய். எனக்கும் காது இருக்கிறது.

பாய்லர் எங்கள் பழைய கேம்ப் மெஸ்ஸில் இருந்தது. கேம்பைக் காலி செய்தபோது நல்ல சாமான் என்று நான் எடுத்துக்கொண்டேன். நாலு வருஷம் தினமும் எண்பது பேருக்கு டீ போட்டது. ஒரு நாள் மக்கர் செய்ததில்லை. இரண்டாயிரம் வாட் என்று அதன் வயிற்றில் ஒட்டியிருக்கிறது, நீயே பார்த்தாய், பார்த்துத்தான் அதற்குத் தனி பாயிண்டும் வைத்தாய். இரண்டாயிரம் வாட்டைத் தாங்காத பாயிண்ட் என்ன பாயிண்ட்? பாய்லரில் கோளாறே இல்லை. மெஸ்ஸில் இருபது லிட்டர் கொதிக்க ஐம்பது நிமிஷம் ஆகும். நம் வீட்டில் கால் மணி நேரத்தில் தளதளவென்று கொதித்தது. எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். இரண்டாம் தடவை தண்ணீர் ஊற்றி, அதுவும் கொதித்து, மூன்றாவது ஊற்றும்போதுதான் புகை வந்தது. நாற்பது நிமிஷம் ஓடியிருக்கும்.

வேதநாயகத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. 20ஆம் தேதியில் மாற்றமில்லை. நீ வேண்டுமானால் தையல் படி. நம் மாமி மகள் அஃப்ரா அதில் நன்றாக வருகிறாளாம்.

அனஸ்

*

மேலப்பாளையம்
24 செப்டம்பர் 2024

காக்கா,

சலாம். தையல் படிக்கச் சொன்னதற்கு நன்றி. உன் கடிதத்தில் அந்த ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சாதகமாக இருக்கிறது!

ஐம்பது நிமிஷத்தில் கொதிக்கிற தண்ணீர் நம் வீட்டில் கால் மணி நேரத்தில் கொதித்தது என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அதை வாசித்துவிட்டு நான் எழுந்து நின்றேன். அதே தண்ணீர், அதே பாய்லர். மூன்று மடங்குக்கு மேல் வேகம் எங்கிருந்து வரும்? நம் ஊர்க் கரண்டுக்கு மட்டும் அல்லாஹ் அவ்வளவு பரக்கத் கொடுத்துவிட்டானா?

ஆனால் ஊகித்துச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். பாய்லரை எங்கள் கரண்டில் செருகவும் எனக்குப் பயம். அதனால் நம் தெரு அய்மனின் ஆட்டோவிலிருந்து பாட்டரியைக் கழற்றி வாங்கினேன். "ஏ பிள்ள, ஸ்கூல் சவாரிக்கு நேரமாவுது, பைய செய்யாத, சட்டுனு செய்யி" என்று அவன் பக்கத்திலேயே நின்று புலம்பினான். பாட்டரியைப் பாய்லர் சுருளில் இணைத்து மீட்டர் வைத்தேன். பாட்டரி கொடுத்தது 12.1 வோல்ட். சுருளில் ஓடியது ஒன்றரை ஆம்பியர்.

இனிமேல் வருவது எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். நீ கிடங்கில் இதைவிடப் பெரிய கணக்குப் போடுகிறவன், பயப்படாமல் வாசி. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் அந்தச் சுருளின் மின்தடை வரும். 12.1ஐ 1.5ஆல் வகுத்தால் 8.07 ஓம். சூடேறினால் கொஞ்சம் மாறும், பெரிதாக மாறாது. இப்போது அதே சுருளை நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் எத்தனை ஆம்பியர் ஓடும்? 230ஐ 8.07ஆல் வகு. இருபத்தெட்டரை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 230ஐ 28.5ஆல் பெருக்கு. ஆறாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தைந்து!

உன் இரண்டாயிரம் வாட் பாய்லர் நம் வீட்டில் ஆறாயிரத்து ஐந்நூறு வாட் தின்றிருக்கிறது. பதினாறு ஆம்பியர் பிளக்கில் இருபத்தெட்டரை ஆம்பியர் இழுத்தால் உருகாமல் என்ன செய்யும்? யானையை மூன்று பேர் உட்காரும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஆட்டோ சரியில்லை என்கிறாய்.

ஆனால் ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை என்று நீ சொல்வாய். அதையும் யோசித்தேன். எட்டு ஓம் சுருள் இரண்டாயிரம் வாட் மட்டும் தர வேண்டுமானால் எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும்? இரண்டாயிரத்தை 8.07ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தேன். 127 வந்தது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் 127. உலகத்தில் எந்த வீட்டுக் கரண்டு 127 என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. கணக்குத்தான் தப்போ என்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் ஃபஜர் தொழுதுவிட்டுக் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தேன். ஓர் ஆயத்தின் முடிவில் வட்டத்துக்குள் ஏழு என்ற அரபி எண் இருந்தது. அப்படியே எழுந்து கடைக்கு ஓடினேன். பாய்லர் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருக்கிறது அல்லவா? வாட் பக்கம் ஆங்கிலத்தில் முழுதாக இருக்கிறது. வோல்ட் பக்கம் அரபியில் ஒரே ஒரு எண்தான் கிழியாமல் மிச்சம். அன்று நானும் நீயும் அதை ஏதோ ஆங்கில 'வி' என்று நினைத்தோம். அது ஏழு, காக்கா. வோல்ட் 220ஆக இருந்தால் கடைசியில் பூஜ்யம் அல்லவா இருக்க வேண்டும்?

அந்தப் பழைய மெஸ் கட்டடம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய், பாய்லர் இருந்த இடத்துச் சுவர் பாயிண்டில் மீட்டர் வைத்துப் பார். பார்க்காமல் எனக்குப் பதில் எழுதாதே.

ஷம்ஸியா

*

தம்மாம்
1 அக்டோபர் 2024

ஷம்ஸியாவுக்கு,

பழைய மெஸ் இப்போது எங்கள் கிடங்கு. வெள்ளிக்கிழமை கொல்லத்துக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன், எலக்ட்ரீஷியன். அவர் மீட்டரை வைக்கும் முன்பே சிரித்தார். இந்த நாட்டில் பழைய கட்டடங்களில் இரண்டு வகைப் பாயிண்ட் இருக்குமாம், ஏ.சி.க்கு 220 வோல்ட்டில் ஒன்று, சின்னச் சாமான்களுக்கு 127இல் ஒன்று. பாய்லர் இருந்த பாயிண்டில் 126 காட்டியது.

பாய்லரை ஊருக்குக் கொண்டுவந்தது என் தப்பு. எழுதிவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கரண்ட் அதிகமாகப் போனால் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்று வைத்திருக்கிறேன், இருபது ஆம்பியர் எம்.சி.பி., எதுவும் ஆகாது என்று நீதானே மார்தட்டினாய்? இருபத்தெட்டரை போயிருந்தால் அது ஏன் பிளக்கைக் காப்பாற்றவில்லை? ஆக, உன் வேலையிலும் குறை இருக்கிறது. பாதித் தப்பு என்னுடையது, பாதி உன்னுடையது. இதோடு விட்டுவிடுவோம். வேதநாயகம் சமையலறையை மட்டும் உடைத்துச் செய்யட்டும். யாருக்கும் குறை இல்லாமல் முடிந்துவிடும்.

உம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

அனஸ்

*

மேலப்பாளையம்
7 அக்டோபர் 2024

காக்கா,

சலாம் சொல்ல மறந்துவிட்டாய். நான் சொல்கிறேன், அஸ்ஸலாமு அலைக்கும்.

போய் அளந்து பார்த்தாயே, அதற்கு உன்னை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 126 என்று வாசித்ததும் உம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். "ஏட்டி, கிறுக்கு புடிச்சிட்டா?" என்று கத்தினாள். நீ சொல்ல வேண்டாம் என்று எழுதியதை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

ஆனால் தப்பைப் பாதிப் பாதியாகப் பிரிக்க இது பாகப்பிரிவினை இல்லை. எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. எனக்கும் அதுதான் நெஞ்சில் முள்ளாக இருந்தது. அது பழுதாக இருந்தால், பழுதான சாமானை வாங்கி மாட்டிய குற்றம் என்னுடையது. அப்போது சமையலறை மட்டும் இல்லை, வீடு முழுக்க உடைக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டு உன் வீட்டுக்குப் போனேன்.

உன் வீட்டு சுவிட்சைத் தொடக் கூடாது என்று நீ சொன்னதை மைனிக்கு நினைவுபடுத்தினேன். "ஆமா, எனக்கும் இது வீடுதான். நா சொல்லுதேன், நீ தொடு" என்று ஷஃபீகா மைனி சாவியைக் கையில் வைத்தாள். அவளே தெருவில் இறங்கி நாலு வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் கம்பி இரவல் வாங்கி வந்தாள். அதே எம்.சி.பி.யிலிருந்து தடித்த வயரில் தனியாக ஒரு பிளக் பலகை இழுத்தேன். நாலு வாளித் தண்ணீரில் நாலு கம்பி, கூட ஓர் இஸ்திரிப் பெட்டி. எல்லாம் சேர்ந்து 28.6 ஆம்பியர், உன் பாய்லர் இழுத்த அளவேதான். மைனி போனில் நேரம் பார்த்தாள்.

பத்து நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பதினோராவது நிமிஷம் 'டக்' என்று விழுந்தது. ஆறவிட்டு மறுபடி செய்தோம், மறுபடியும் விழுந்தது. மைனி, "விழுந்துட்டு! விழுந்துட்டு!" என்று கைதட்டினாள். எதுவோ விழுந்து உடைந்துவிட்டது என்று பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள்.

ஆக, எம்.சி.பி. நல்லா இருக்கிறது. பதினோரு நிமிஷத்தில் விழ வேண்டியது, அன்று நாற்பது நிமிஷம் ஓடியிருக்கிறது. அந்த எம்.சி.பி.யின் திருகுகளைப் பார்த்தேன். நான் ஒரு தடவைதான் முடுக்கினேன், என் கை எனக்குத் தெரியும். அதில் வேறொரு கை திருகி வழுக்கிய கீறல் இருக்கிறது. இரண்டு வயர் நுனியும் முறுக்கி நிமிர்த்திய மாதிரி வளைந்திருக்கிறது. அப்புறம் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்று நாலே காலுக்குப் பிறகு ஒரு நிமிஷம் கரண்ட் போய் வந்தது. தெருவில் போயிருக்கும் என்று நினைத்தோம். பக்கத்து வீட்டில் கேட்டேன். அவர்களுக்குப் போகவே இல்லை.

யாரோ மெயினை அணைத்து, எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு, வயரை நேராக முறுக்கி விட்டிருக்கிறார்கள். புகை வந்ததும் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். நான் டார்ச்சோடு வருவதற்குள்.

யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ எழுதி அனுப்பு. நீ எழுதுவதை நான் நம்புவேன், அது என்னவாக இருந்தாலும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்த மெஸ்ஸில் இதே மாதிரி இன்னொரு பாய்லர் கிடந்தால் வருகிறவர்கள் யார் கையிலாவது கொடுத்தனுப்பு. எதற்கு என்று கேட்காதே.

ஷம்ஸியா

*

தம்மாம்
12 அக்டோபர் 2024

என் தங்கச்சி ஷம்ஸியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.

நான்தான்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு வேலைக்குப் போய், திரும்பி வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

சுவிட்ச் முதல் தடவை விழுந்தபோது நானே தூக்கிவிட்டேன். முதல் பாய்லர் தண்ணீர் கொதித்துவிட்டது. இரண்டாவது ஊற்றியதும் சீக்கிரமே மறுபடி விழுந்தது. கூடத்தில் ஜமாஅத் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ, "எலே அனஸ், சாயா வருமா, இல்ல ரயிலேறி வாரதா?" என்று சத்தம் போட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் மண்டைக்குள் ஏறிவிட்டது. கேம்பில் எப்போதும் இப்படித்தான் செய்வோம், சுவிட்ச் விழுந்தால் கழற்றிவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடுவோம். உன் பை ஸ்டோர் ரூமில் இருந்தது. அதில் இருந்த உன் ஸ்க்ரூ டிரைவரைத்தான் எடுத்தேன்.

புகை வந்ததும் மெயினை அணைத்து, ஸ்க்ரூ டிரைவர் வழுக்க வழுக்கத் திரும்ப மாட்டினேன். யாரும் பார்க்கவில்லை. திரும்பினால் நீ டார்ச்சோடு நிற்கிறாய். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். 'பொம்பள செஞ்ச வயரிங்' என்பது எப்படி என் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வந்துவிட்டது. அவர்கள் சிரித்ததும், நல்லவேளை, என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. சத்தியம் செய்தது கோபத்தில் இல்லை. பேசினால் நீ கேட்பாய், கேட்டால் சொல்லிவிடுவேன் என்ற பயத்தில்.

நீ சுவிட்ச் வைக்காமல் இருந்திருந்தால்கூட எனக்குச் சாக்கு இருந்திருக்கும். நீ சரியாக வைத்தாய். நான் கழற்றினேன். வீடு தீப்பிடித்திருந்தால் உள்ளே இருநூறு பேர். என் பிள்ளைகளும்தான்.

வேதநாயகம் அண்ணாச்சிக்குப் போன் செய்துவிட்டேன். சுவரை உடைக்க வேண்டாம், ஆனால் 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு மீட்டரோடு வந்து ஷம்ஸியா செய்ததைச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அன்று குடிபுக வந்தவர்கள் எத்தனை பேரைக் கூப்பிட முடியுமோ அத்தனை பேரையும் ஷஃபீகா கூப்பிடுவாள். நான் போன் செய்கிறேன். ஸ்பீக்கரில் போடு. அவர்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். சத்தியத்தை முறிப்பதற்குப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு, இங்கேயே நான் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொரு பாய்லர் கிடைத்தது. இந்தக் கடிதத்தோடு வருகிறது. எதற்கு என்று கேட்கவில்லை.

உன் காக்கா
அனஸ்

*

மேலப்பாளையம்
19 அக்டோபர் 2024, சனி

என் அன்பான காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும் என்று வாய் நிறையச் சொல்கிறேன். பேசத் தொடங்கிய பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேற்று நீ இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை அழுதாய், நான் ஒரு வார்த்தைக்கு இரண்டு தடவை அழுதேன். அப்புறம் ஒரே கூச்சல். நடந்தது எதுவும் உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது. அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

அசர் முடிந்ததும் வந்துவிட்டார்கள். மைனி வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருக்கிறாள். கூடம் நிறைந்து வாசல்வரை ஆள். மதரஸா செயலாளரும் வந்தார், நடுவில் உட்காராமல் கதவோரம் உட்கார்ந்தார். வேதநாயகம் அண்ணாச்சி மீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து, "எம்மா, சொவர ஒடைக்க வந்தவன்கிட்டயே சாட்சி கேக்குதியே, நல்லா இருக்கு" என்றார். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க அண்ணாச்சி" என்றேன். "நா சொல்லாண்டாம், இது சொல்லும்" என்று மீட்டரைத் தட்டினார்.

உருகிய பிளக்கை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டியிருந்தேன். சுவருக்குள் இருந்தது நான் முதலில் இழுத்த அதே வயர். பிளக் பக்கத்தில் கருகிய ஒரு சாண் துண்டை மட்டும் மாற்றினேன். எம்.சி.பி.யும் அதே எம்.சி.பி. நீ அனுப்பிய பாய்லரையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் நுழைந்த கரண்ட் அதை முடித்துக்கொண்டு அடுத்ததில் நுழைகிற மாதிரி சீரிஸில் இணைத்திருந்தேன். 127 வோல்ட்டுக்குச் செய்தவை இரண்டு, நம் 230ஐ ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும், ஆளுக்கு 115. எட்டும் எட்டும் பதினாறு ஓம், சொச்சம். 230ஐ அதால் வகுத்தால் பதினாலே கால் ஆம்பியர். பதினாறு ஆம்பியர் பிளக்குக்குள் அடக்கம்.

சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, எல்லாரும் பார்க்க, கரி படிந்த அந்தச் சுவரிலேயே '14¼' என்று பெரிதாக எழுதினேன். "இந்த எண்ணுக்கு மேல போச்சுன்னா அண்ணாச்சி இப்பவே சொவர ஒடைக்கட்டும்" என்றேன். உம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் உன் போன் வந்தது.

நீ சொன்னது அப்படியே எல்லாருக்கும் கேட்டது, காக்கா. "அன்னைக்கு சுவிட்சக் கழட்டுனது நான். கொண்டுவரக் கூடாத பாய்லரக் கொண்டு வந்ததும் நான். என் தங்கச்சி வேலையில ஒரு குத்தமும் இல்ல. அவ வச்ச சுவிட்ச நா கழட்டாம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. உங்க முன்னாடி அவளக் கேவலமாப் பேசினேன். உங்க முன்னாடியே மாப்புக் கேக்குதேன்." நீ சொல்லி முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து மைனி ஒரு குலவை விட்டாள் பாரு, பெரியவர்களே சிரித்துவிட்டார்கள். இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு.

சுவிட்சைப் போட்டேன். அண்ணாச்சி மீட்டரின் கவ்வியை வயரில் மாட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மீட்டரைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். 14.1! "லைன்ல வோல்ட்டு இன்னைக்கு 228தான், அதான் ஒரு சொட்டுக் கொறையுது. புள்ள எழுதினது நூத்துக்கு நூறு" என்றார்.

அய்மன் என்னவோ தான்தான் கண்டுபிடித்த மாதிரி, "என் ஆட்டோ பாட்டரிவே! என் ஆட்டோ பாட்டரி வச்சிதான் அளந்தா!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடினான்.

பாய்லர் ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்து அறுநூறு வாட்தான் போகிறது, தண்ணீர் கொதிக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டேன். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அந்த ஒரு மணி நேரமும் அண்ணாச்சி கால் மணிக்கு ஒரு தடவை பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், பிறகு என் போர்டைத் திறந்து ஒவ்வொரு வயராகப் பார்த்தார். கடைசியில், "எம்மா, சேரன்மகாதேவில ஒரு மண்டபம் செய்யுதேன். ஒரு தடவ வந்து எத்தன ஆம்பியர் இழுக்கும்னு லோடு கணக்குப் பாத்துக் குடுப்பியா?" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார். கேட்டது யார்? என் சுவரை உடைக்க வந்த மனுஷன்! வருகிறேன் என்று தலையை ஆட்டினேன்.

நாற்பது லிட்டரும் கொதித்தது. கூடத்தில் முதல் கிளாஸை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, நானே குடித்தேன். அவ்வளவு நல்ல டீ நான் குடித்ததே இல்லை.

இன்று காலை செயலாளர் கடைக்கே வந்தார். தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார். மதரஸா வயரிங் எனக்குத்தான். "வேலைய மேல்பார்வ பாக்க ஆம்பள ஒருத்தர நெயமிக்கணுமோன்னு கமிட்டில ஒரு பேச்சு..." என்று இழுத்தார். "மேல்பார்வைக்கு மீட்டர் இருக்கு. குறை சொல்லுதவங்க அளந்துட்டு வந்து சொல்லட்டும்" என்றேன். "சரி, திங்கக்கெழம சாவி வாங்கிக்கோ" என்றார்.

திங்கள் காலை ஏழு மணிக்கு வேலை தொடங்குகிறேன், காக்கா. ஆறு வகுப்பறை, ஒரு தொழுகை அறை, நூற்று நாற்பது பிள்ளைகள். மெயின் சுவிட்சைப் போடுகிற நாளில் யாராவது பெரிய மனிதரைக் கூப்பிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை நான்தான் போடுவேன். நீ லீவு எடுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்.

உன் தங்கச்சி
ஷம்ஸியா